மாத்தளையின் ஞாயிற்றுக்கிழமைத் தேநீர்

காலையுணவு என்றும் அதனைச் சொல்லவியலாது. பகலுணவு என்றும் சொல்லவியலாது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில், மலைத்தோட்டத்திலிருந்து நகருக்கு இறங்கி வந்த இரு கூட்டாளிகள் ஒரு தேநீர்க்கடை வாங்கில் அருகருகே அமர்ந்து உண்ணும் உணவு அது. ரொட்டியும் சம்பலும், அல்லது இரண்டு தோசையும் ஒரு வடையும், அவற்றின்மேல் ஆவி பறக்கும் ஒரு கோப்பைத் தேநீர்; அவ்வளவே. மாத்தளை மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வில் இவ்வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றிருந்தது. எனினும், இவ்வேளையுணவுக்குத் தமிழில் தனிப்பெயர் எதுவும் ஏற்படவில்லை. ‘டவுனுக்குப் போய் வருவோம்’, ‘ஒரு தேத்தண்ணி குடிப்போம்’ என்னும் அழைப்பே பெயராகவும் நின்றது.

ஆங்கிலேயர் இத்தகைய உணவுக்கு ஒரு பெயரிட்டனர். 1895ஆம் ஆண்டில் கை பெரிஞ்சர் என்னும் எழுத்தாளர் இங்கிலாந்துச் சஞ்சிகையொன்றில் ஒரு கட்டுரை வரைந்தார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்திருந்தவர்கள் ஞாயிறு காலையில் விரைந்தெழ வேண்டியதில்லை. காலையுணவையும் பகலுணவையும் ஒன்றாக்கி, நண்பரோடு கூடியிருந்து பேசி உண்ணலாம் என்பது அவர் வாதம். அவ்விரு உணவுகளின் ஆங்கிலப் பெயர்களையும் ஒட்டிப் ‘பிரஞ்ச்’ என்று அவர் வழங்கிய சொல் இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றது.

பெரிஞ்சர் அக்கட்டுரையை எழுதிய காலத்திலே மாத்தளை மலைகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்கு வாரத்தின் ஆறு நாட்களும் எழும் நேரத்தைப் பிறரே குறித்தனர். விடியுமுன் தப்பொலி கேட்கும். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படும். எந்த மலையில் எவரோடு வேலை செய்வது என்பதைக் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் தீர்மானிப்பர். உண்ணும் நேரமும் அவர்கள் விட்ட நேரமே. இந்நிலையிலிருந்த ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமையன்று தான் குறித்த நேரத்தில், தான் தெரிந்துகொண்ட நண்பனோடு, தன் காசைக் கொடுத்து உண்ட உணவுக்கு ரொட்டிக்கும் தேநீருக்கும் மேற்பட்ட ஒரு பொருளுண்டு. அப்பொருளை அறியவேண்டின், மாத்தளையின் கதையைச் சிறிது பின்னோக்கிக் காணவேண்டும்.

மாத்தளை நகரம் கண்டிக்கு வடக்கே ஏறக்குறைய 16 மைல் தொலைவில் உள்ளது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கும். வடக்கே சென்றால் நாலந்தாவையும் தம்புள்ளையையும் கடந்து வறண்ட சமவெளியை அடையலாம். மலைநாட்டுக்கும் சமவெளிக்கும் இடையிலுள்ள வாசல் இது என்று கூறுதல் பொருந்தும். பௌத்தரின் திரிபிடகம் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் முதன்முதல் ஏட்டில் எழுதப்பெற்றதாக மரபு கூறும் அலுவிகாரை இந்நகரை அடுத்தே இருக்கின்றது. தமிழர் இவ்வூரைப் பண்ணாமம் என்றும் வழங்கினர். அப்பெயரை முன்வைத்துப் பண்ணாமத்துக் கவிராயர் எனப் புனைபெயர் பூண்ட கவிஞரும் இங்கு வாழ்ந்தார்.

1820களில் ஆளுநர் எட்வேர்ட் பாண்ஸ் காலத்தில் இலங்கையில் கோப்பிப் பயிர்ச்செய்கை பெருந்தோட்ட முறையிலே தொடங்கிற்று. அடுத்த சில பத்தாண்டுகளில் அது கண்டி, மாத்தளை மலைகளெங்கும் பரவியது. கோப்பிக்கு ஆட்கள் வேண்டியிருந்தனர். தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடியானவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டுவழியே கால்நடையாக நடந்தனர். வடபாதை எனப்பட்ட அவ்வழி ஏறக்குறைய 150 மைல் நீளமுடையது. நீரின்மை, காய்ச்சல், பேதி, காட்டுவிலங்கு எனப் பலவும் அவ்வழியில் உயிர்களைக் கொண்டன. தம்புள்ளையும் நாலந்தாவும் கடந்து மாத்தளையை அடைந்தவர்களே பிழைத்தவர்கள். இங்கே வந்து சேர்ந்தபின்புதான் கூட்டம் பிரியும். ஒரே ஊரிலிருந்து புறப்பட்டு, ஒரே பாதையில் பசித்துத் தளர்ந்து, ஒருவருக்கொருவர் தோள் கொடுத்து வந்தவர்கள், கங்காணிமார் வழிகாட்ட, வெவ்வேறு தோட்டங்களை நோக்கி வெவ்வேறு மலைகளில் ஏறினர்.

மாத்தளை, ஆகவே, தொடக்கத்திலிருந்தே நண்பர்கள் பிரியும் ஊராக இருந்தது. பின்னாளில் அவர்கள் மீண்டும் சந்திக்கும் ஊராகவும் அதுவே ஆயிற்று என்பது கருதற்பாலது.

கோப்பிக் காலத்தில் அச்சந்திப்புக்கு வாய்ப்புக் குறைவு. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்கு வந்தவர்களிற் பலர் பருவம் முடிந்ததும் வந்த வழியே ஊர் திரும்பினர். 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையிலே தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு முன்னரே, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வணிகப் பயிராக நட்டிருந்தார். கோப்பி மடிந்த நிலங்களில் தேயிலை எழுந்தது. மாத்தளைப் பகுதியில் தேயிலையோடு கொக்கோவும் றப்பரும் மிளகும் இடம்பெற்றன.

தேயிலைக்குப் பருவம் என்பதில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். வந்தவர்கள் குடும்பமாகத் தங்கினர், லயங்கள் எழுந்தன, பிறப்பும் இறப்பும் தோட்டத்திலேயே நிகழ்ந்தன. பருவத்துக்கு வந்து போனவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பொருட்டன்று. ஆண்டு முழுதும் தோட்டத்திலே கிடப்பவனுக்கோ வாரத்தின் ஏழாவது நாள் பெரும்பொருளாயிற்று. கிறித்தவத் துரைமாரின் நாட்காட்டி வழியாக வந்த ஓய்வுநாளே எனினும், அதைத் தமக்குரிய நாளாக மாற்றிக்கொண்டவர்கள் தொழிலாளரே.

1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. இன்றும் அப்பாதையின் கடைசி நிலையம் மாத்தளையே. பாதை முடியும் இடத்தில் பண்டகசாலைகளும், பண்டகசாலைகளைச் சுற்றி வண்டிகளும், வண்டிக்காரரைச் சுற்றி உணவுக்கடைகளும் தோன்றுதல் இயல்பு. எல்கடுவை, இரத்தோட்டை, உக்குவெல, யட்டவத்தைப் பக்கங்களிலிருந்து தோட்டப் பாதைகள் நகரை நோக்கி வந்து சேர்ந்தன. திருகோணமலை வீதியிலும் பெரிய கடைவீதியிலும் புடவைக் கடைகளும் மளிகைக் கடைகளும் பெருகின. அவற்றுக்கிடையே, வாசலிலே கொதிநீர்ப் பாத்திரமும், உள்ளே நான்கைந்து வாங்குகளும், பலகாரம் அடுக்கிய கண்ணாடி அலுமாரியும் உடைய தேநீர்க்கடைகள் இடம்பிடித்தன. கடை வைத்தோர் தென்னிந்தியத் தமிழரும் மலையாளிகளும் முஸ்லிம்களும் சிங்களவரும் எனப் பல திறத்தினர். உண்ண வந்தோரும் பல திறத்தினரே.

தோட்டத்துக்குள்ளே பணம் என்பது பெரும்பாலும் ஏட்டில் எழுதிய கணக்கு. அரிசி தோட்டத்திலே அளக்கப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்படும். கங்காணியிடம் வாங்கிய முற்பணம் கடனாக நிற்கும். ‘துண்டு’ எனப்பட்ட சீட்டு முறையினால், தோட்டம் மாறுபவனைக் கடனும் தொடர்ந்து சென்றது. 1921இலேதான் அம்முறை ஒழிந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் வரையறுக்கப்பட்டு, 1929இல் நடைமுறைக்கு வந்தபோது, நடுநாட்டுத் தோட்டங்களில் ஒரு நாளைக்கு ஆணுக்கு 52 சதமும், பெண்ணுக்கு 41 சதமும், சிறுவருக்கு 31 சதமும் என அமைந்தது. கழிவுகள் போக எஞ்சியது சொற்பம். அச்சொற்பத்திலிருந்து சில சதங்களை எடுத்து மடியிற் செருகிக்கொண்டு மலையிறங்கியவன், அன்றொரு நாள் மட்டும் கையிற் காசுள்ள மனிதனாக நடந்தான். சம்பளம் போட்ட பின்வரும் ஞாயிற்றுக்கிழமை, ஆதலால், ஏனைய ஞாயிறுகளிலும் பெரிய ஞாயிறாகக் கொள்ளப்பட்டது.

கடைக்குள் நடந்ததை இக்காலத்தவர் எளிதாக எண்ணிவிடலாகாது. தோட்டத்தில் துரையின் முன்னே தலைப்பாகையைக் கழற்றி நின்றவன், இங்கே வாங்கில் அமர்கின்றான். அவனுக்கு ஒருவன் இலையிலோ தட்டிலோ உணவு கொண்டுவந்து வைக்கின்றான். ‘சாயம் கூடவா, குறையவா? சீனி போதுமா?’ என்று கேட்கின்றான். தன் விருப்பம் என்னவென்று பிறரொருவர் தன்னைக் கேட்கும் அனுபவம் ஆறு நாளும் கிடைக்காதது. நாள்தோறும் கொழுந்தெடுத்தும் உரம் சுமந்தும் தான் வளர்த்த தேயிலை, பால் கலந்து, உயரத் தூக்கி ஆற்றப்பெற்று, நுரையோடு தன் முன் வைக்கப்படுவதை அவன் இங்கேதான் கண்டான். லயத்திலே பெரும்பாலும் குடித்தது பாலில்லாத சாயத்தண்ணீர். சீனியையோ கருப்பட்டியையோ உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டு குடித்தது. நல்ல தேயிலை கொழும்புக்குப் போய்க் கப்பலேறியது. உலகச் சந்தையில் இலங்கைத் தேயிலையின் புகழைப் பரப்ப 1932இல் ஒரு பிரசாரச் சபையே அமைக்கப்பட்டது. அப்புகழை உண்டாக்கியவனுக்கோ, அத்தேயிலையின் சுவையை அறிய ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியிருந்தது.

உடன் அமர்ந்த நண்பன் யார் என்பது அடுத்துக் காணவேண்டியது. தோட்டத்தில் ஒருவனது துணையெல்லாம் அவனுக்கு வாய்த்தவையே. பக்கத்துக் காம்பராவிற் குடியிருப்பவனை அவன் தெரிந்துகொண்டதில்லை; ஒரே கங்காணியின் ஆளாக வேலைசெய்பவனையும் தெரிந்துகொண்டதில்லை. அடுத்த மலைத்தோட்டத்திலிருந்த கூட்டாளியோ, கண்ணுக்கெட்டும் தூரத்திலிருந்தும் கிழமை முழுவதும் காணமுடியாதவன். தோட்டத்துக்குத் தோட்டம் எல்லை உண்டு. அனுமதியின்றி எல்லை கடந்தவன் அத்துமீறிப் புகுந்தவனாவான். அத்தகைய இருவர் சந்திக்கத் தக்க பொதுவிடம் நகரத்துக் கடைதான். இந்தக் கிழமை ஒருவன் காசு கொடுத்தால் அடுத்த கிழமை மற்றவன் கொடுப்பான். கடன் என்றாலே கங்காணியின் ஏட்டை நினைக்கும் மனிதர்களிடையே, ஏட்டில் எழுதாத இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒன்றே மனத்துக்கு இனியதாயிருந்தது. பேச்சு உறவினர் நலத்திலே தொடங்கும். எந்தத் தோட்டத்தில் அரிசி நிறை குறைகின்றது, எந்தத் துரை அடிக்கின்றான், எங்கே கைக்காசு வேலை கிடைக்கின்றது என்பவற்றிற் போய் முடியும்.

அதிகாரம் உள்ளோர் இத்தகைய பேச்சை எக்காலத்திலும் ஐயத்துடனேயே நோக்கியுள்ளனர். 1675இல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்ல்ஸ், இலண்டன் மாநகரின் கோப்பிக்கடைகளில் அரசுக்கு எதிரான வதந்திகள் பிறக்கின்றன என்று கூறி அவற்றை மூடுமாறு பிரகடனம் செய்தான். எதிர்ப்பு வலுக்கவே, சில நாட்களுக்குள் அப்பிரகடனத்தை மீட்டுக்கொள்ள நேர்ந்தது. மக்கள் அருந்தியது கோப்பியாயினும், மன்னன் அஞ்சியது அவர்கள் கூடியிருந்து பேசியதற்கே. மலைநாட்டுத் தோட்டங்களிலும் இதுவே நிலை. தஞ்சையிலிருந்து 1920இல் இலங்கையிற் குடியேறித் தொழிலாளர் இயக்கத்தை வளர்த்த கோ. நடேசய்யர், தோட்டங்களின் நிலையை நேரில் அறியப் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு உள்ளே செல்லவேண்டியிருந்தது என்பர். தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துள் நுழையும் உரிமையைச் சட்டம் வழங்கியது 1970ஆம் ஆண்டிலேயே. அதுவரை, தோட்ட எல்லைக்கு வெளியிலிருந்த சிறு பட்டினங்களும் அவற்றின் தேநீர்க்கடைகளுமே சங்கத்துச் செய்தி தொழிலாளியை அடையும் வாயில்களாக விளங்கின.

செய்திப் பத்திரிகைகளும் இவ்வாயில்களின் வழியே வந்தன. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தொடங்கப்பெற்றன. எழுத்தறிந்தவன் ஒருவன் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர் சூழ்ந்திருந்து கேட்பர். ஒரு பிரதி இருபது பேருக்குப் பயன்பட்டது. பின்னர் இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் வானொலி வந்தது. லயக் காம்பராக்களில் மின்சாரமில்லை. கடைக்காரர் உயரத்தில் பலகையடித்து வைத்திருந்த வானொலிப் பெட்டியின் கீழே வந்தமர்ந்தவர்கள், ஒரு தேநீரை நெடுநேரம் குடித்துக்கொண்டு, நாடகமும் செய்தியும் பாட்டும் கேட்டனர். பல தோட்டத்தாருக்கு இலங்கை வானொலியின் குரல் முதன்முதலிற் கேட்டது இத்தகைய கடைகளிலேதான்.

தேநீர்க்கடை வாங்கு எல்லாருக்கும் எல்லாவிடத்தும் ஒரே வகையாகத் திறந்திருந்தது என்று கொள்ளுதல் தவறாகும். அதே நாட்டின் வடபுலத்தில், யாழ்ப்பாணத்திலே, தாழ்த்தப்பட்ட சாதியார் கடைக்குள் அமர்ந்து தேநீர் அருந்த அனுமதிக்கப்படவில்லை. வெளியில் நின்று போத்தலிலும் தகரக் குவளையிலும் பெற்றனர். சிறுபான்மைத் தமிழர் மகாசபை இதனை எதிர்த்துப் போராடியது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசம் ஒரு போராட்டமாகவே நடைபெற்றது. ஒரு கோப்பைத் தேநீரை அமர்ந்து அருந்துவதற்கு மனிதர் இரத்தம் சிந்திய வரலாறு தமிழருக்கு உண்டு. மாத்தளைத் தோட்டங்களிலும் சாதி லயங்களைப் பிரித்தது. கொடுப்பினை கொள்வினையைப் பிரித்தது. ஆயினும், பல தோட்டத்தாரும் பல இனத்தாரும் வந்து போகும் சந்தைப் பட்டினத்தில், புதிதாக வந்தமர்ந்தவன் எந்த லயத்தான் என்று விசாரித்தறிதல் அரிது. கூட்டத்தின் நடுவே அறியப்படாதவனாக இருப்பதும் ஒருவகை விடுதலையே.

இந்த விடுதலையிற் பெண்ணுக்குப் பங்கிருந்ததா? இக்கேள்விக்கு வரலாறு தரும் விடை பெருமைக்குரியதன்று. கொழுந்தெடுப்பவர் பெரும்பாலும் பெண்களே. தோட்டத்தின் வருவாய் அவர்கள் விரல் நுனியிலிருந்து பிறந்தது. ஞாயிற்றுக்கிழமையோ அவர்களுக்குப் பீலிக்கரையிலே துணி துவைக்கும் நாள். விறகு பொறுக்கும் நாள். பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய் வைக்கும் நாள். கொழுந்து பெருகும் காலத்தில் அன்றும் கைக்காசுக்கு மலையேறுவர். கணவன் நகரிலிருந்து திரும்பும்போது காகிதத்திற் சுற்றிக் கொண்டுவந்த இரண்டு வடையோ பணிஸோதான் அவர்களுக்குக் கிடைத்த கடையுணவு. நகருக்கு அவர்கள் இறங்கி வந்தது பெரும்பாலும் முத்துமாரியம்மன் கோவில் திருவிழாவுக்கே. மாசி மகத்தையொட்டி நடைபெறும் தேர்விழாவன்று மலைகளெல்லாம் நகருக்குள் இறங்கினாற்போலக் கூட்டம் நிறையும். அந்நாளிலும் கடை வாங்கில் அமர்ந்தோர் ஆடவரே. பெண்கள் கோவில் வீதியோரத்தில் கூட்டமாக அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தனர். சம வேலைக்குச் சம சம்பளம் தோட்டப் பெண்களுக்குக் கிடைத்தது 1984ஆம் ஆண்டிலே. 1929இல் 52 சதத்துக்கும் 41 சதத்துக்கும் இடையில் இருந்த பதினொரு சத இடைவெளி, அவ்வகையில் அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது.

ஓய்வுநாளும் உறுதியான பொருளன்று என்பதை நாடு முழுவதும் ஒருமுறை உணர்ந்தது. 1966ஆம் ஆண்டு சனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நீக்கப்பட்டு, சந்திரன் கணக்கைப் பின்பற்றும் போயா நாட்கள் வார விடுமுறையாக்கப்பட்டன. அலுவலகங்களும் பாடசாலைகளும் அவ்வொழுங்கிலே நடந்தன. விடுமுறை ஒரு வாரம் செவ்வாயிலும் பிறிதொரு வாரம் வியாழனிலும் வந்தது. பிறநாட்டு வாணிகத்துக்கு அது பொருந்தாமையால் 1971இல் ஞாயிறு மீண்டது. இரு நண்பர்கள் இன்ன கிழமையில் இன்ன கடையிற் சந்திப்பது என்று வைத்துக்கொள்ளும் எளிய ஏற்பாடும் அரசின் ஓர் ஆணையைச் சார்ந்து நிற்கின்றது என்பது அந்த ஐந்தாண்டுகளிற் புலப்பட்டது.

அதைவிடக் கொடிய ஆணைகளும் இருந்தன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். மறு ஆண்டிலே வாக்குரிமையையும் இழந்தனர். 1964 அக்டோபரில் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 525,000 பேர் இந்தியாவுக்குச் செல்வதென்றும், 300,000 பேர் இலங்கைக் குடிகளாவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்வதென 1974இல் தீர்மானிக்கப்பட்டது. மனிதர் எண்களாகப் பங்கிடப்பட்டனர். ஒரே வாங்கில் அமர்ந்து உண்ட இருவரில் ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டும் மற்றவர் இலங்கைக் குடியுரிமையும் பெறுதல் நிகழ்ந்தது. எந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி ஞாயிற்றுக்கிழமை என்பதை முன்கூட்டியே அறிந்து இருவர் தேநீர் அருந்துவதைக் காட்டிலும் துயரமான விருந்து வேறென்ன உண்டு? வடபாதையில் ஒன்றாக நடந்து மாத்தளையிற் பிரிந்த முன்னோரின் பேரப்பிள்ளைகள், அதே மாத்தளையில் மறுபடியும் பிரிந்தனர். தலைமன்னாருக்குப் புகையிரதம், அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். 1984இல் அக்கப்பற் போக்குவரத்தும் நின்றது.

சென்றவர்களிற் பலர் நீலகிரியை அடைந்தனர். தாயகம் திரும்பியோருக்கு வேலை தரும்பொருட்டு 1968இல் தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் மீண்டும் கொழுந்தெடுத்தனர். மீண்டும் ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்கு இறங்கினர். அங்குள்ளோர் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றனர். இலங்கையில் இந்தியர், இந்தியாவிற் சிலோன்காரர்: இரு கரையிலும் அயலாரெனப்பட்ட அம்மக்களுக்கு, அயன்மை தோன்றாத இடம் நண்பன் எதிரே அமர்ந்த வாங்கு ஒன்றே.

மாத்தளையில் எஞ்சியோர் பட்ட துயரும் சிறிதன்று. 1970களின் முற்பகுதியில் நேர்ந்த உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1983 யூலைக் கலவரத்தின்போது மாத்தளை நகரத்தின் தமிழர் கடைகள் பல எரிந்தன. முத்துமாரியம்மன் கோவிலும் சேதமுற்றது. கடைகள் திரும்பவும் கட்டப்பட்டன, கோவிலும் புதுப்பிக்கப்பட்டது, தேர் மீண்டும் வீதியில் ஓடிற்று. நாடற்றிருந்த எஞ்சியோருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. வடபாதையிலே முதற் கூட்டத்தார் நடந்த காலத்திலிருந்து எண்ணின், அதற்கு ஏறக்குறைய 180 ஆண்டுகள் சென்றிருந்தன.

இன்று மாத்தளை நகரத்தில் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் உடைய புதிய உணவகங்கள் உள்ளன. பெரிஞ்சர் வழங்கிய சொல்லைப் பலகையில் எழுதிவைக்கும் காலமும் இது. தோட்டத்தை விட்டுக் கொழும்பில் வேலை பார்க்கும் இளைஞர் விடுமுறைக்கு வரும்போது அவற்றிலே அமர்கின்றனர். ஆடைத் தொழிற்சாலையிலும் கடையிலும் பாடசாலையிலும் பணிபுரியும் தோட்டத்துப் பெண்கள் தம் தோழியரோடு வந்து, தமக்கு வேண்டியதைத் தாமே கேட்டு வாங்கி உண்கின்றனர். அவர்களுடைய பாட்டிமாருக்குக் கிட்டாத வாங்கு அது. ஆயினும், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவும் சீனியும் விலையேறியபோது, முதலில் நின்றது இந்த ஞாயிற்றுக்கிழமைச் செலவே. வறுமை வந்தால் வயிற்றுக்கு முன்னரே நட்புக்குச் செலவிடும் காசு குறைந்துவிடுகின்றது.

தேயிலையின் வரலாற்றை எழுதுவோர் எத்தனை ஏக்கர் நடப்பட்டது, எத்தனை இறாத்தல் ஏற்றுமதியாயிற்று, ஏலத்தில் என்ன விலை போயிற்று என்று கணக்கிடுவர். அக்கணக்குகள் வேண்டுவனவே. ஆயினும், அத்தேயிலையை வளர்த்தவன் அதனை எங்கே அமர்ந்து, எவரோடு கூடி, எத்தகைய உரிமையுடன் அருந்தினான் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும். ஆறு நாள் பிறர் குறித்த நேரத்தில் உண்டவர்கள், ஏழாம் நாள் தாம் குறித்த நேரத்தில் உண்டார்கள். பிறர் தந்த துணையோடு வாழ்ந்தவர்கள், அன்று தாம் தெரிந்துகொண்ட துணையோடு இருந்தார்கள். மாத்தளைக் கடைவீதியில் இன்றும் ஞாயிறு முற்பகலில் கொதிநீர்ப் பாத்திரத்திலிருந்து ஆவி எழுகின்றது. மலையிலிருந்து வரும் பஸ் நின்றதும், இறங்கியவர்களில் ஒருவர் கடைவாசலில் நின்று, அடுத்த பஸ்ஸில் வரவேண்டியவரை எதிர்நோக்கிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். அவர் வந்தபின்புதான் இரண்டு தேநீருக்குச் சொல்வார்.